தேயாத முன் டயர்

கடைக்குள் நுழையும்போதே பீப்பாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். லாரித் தொட்டிக்கும் அவன் வயிற்றுக்கும் ஒரே அச்சு என்று கூட்டாளிகள் வைத்த பெயர் அது; அவனும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. வாரம் முழுக்க லாரி, ஞாயிற்றுக்கிழமை வந்தால் மலைப்பாதையில் பைக். தோளில் மாட்டி வந்த டயரைக் கழற்றி மேசைக்கு முன்னால் தொப்பென்று போட்டான்.

"அக்கா, இது டயரா, இல்ல எலி கொறிச்ச ரொட்டியா? நீங்களே சொல்லுங்க."

டயர்க்கா கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் மண்ணிலும் கல்லிலும் ஓடுகிற பைக்குகளுக்கு மட்டும் டயர் விற்கிற கடையில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஒடுங்கி நீண்டு கிடக்கும் கடை அது. இரண்டு பக்கச் சுவரிலும் இரும்புத் தட்டுகளில் டயர்கள் நிற்கும். புது ரப்பரின் வாடை அவள் துணியில் ஏறி, துவைத்தாலும் போகாமல், வீட்டுக்கும் கூடவே வரும்.

டயரின் நடுவில் வரிசையாக நிற்க வேண்டிய ரப்பர்க் கட்டைகளில் பாதி இல்லை. மிச்சமிருந்தவையும் அடியில் கிழிந்து, ஆடுகிற பல்லைப் போலத் தொங்கின.

"எத்தனை தடவடா ஓட்டுனே?"

"விரல் விட்டு எண்ணிடலாம்க்கா. தப்பு என் மேலதான்னு ஆரம்பிச்சிடாதீங்க. இதே டயர்தான் உங்க தம்பி வண்டியிலயும். அவரோடத பாருங்க, நேத்து வாங்கின மாதிரி இருக்கு."

"நீ ஏறி உக்காந்தா டயர் என்னடா, மலையே தேயும்."

"கிண்டல் பண்ணுங்க. ஒல்லிக்கும் இதே கதிதான். அவன் உக்காந்தா சீட்டுக்கே தெரியாது. அவனோடதும் பிஞ்சு போச்சு." குரலைத் தணித்துக்கொண்டான். "சரி விடுங்க, எங்களுக்கு வந்தது ஏதோ கெட்ட சரக்கு. இதுலயே புதுசா ஒண்ணு எடுத்து வையுங்க. ஞாயித்துக்கெழம பந்தயம். புழுதி அண்ணன் சொன்ன டயரு தப்பா இருக்காது."

புழுதி அண்ணன் என்று அவன் சொன்னது அக்காவின் தம்பியைத்தான். பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் அவன் கிளப்புகிற புழுதியைத் தின்றுதான் வர வேண்டும் என்பதால் வந்த பெயர். அச்சகத்தில் மிஷின் ஓட்டுவது அவன் வேலை. ஆனால் அந்த ஊரில் அவனை அச்சகக்காரன் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. மலைப் பந்தயத்தில் கடைசி இறக்கம் ஒன்று உண்டு. செங்குத்தாகச் சரிந்து, உருளைக்கல் நிறைந்து, அடியில் சட்டென்று ஒடியும். அதற்கு மாமியார் சரிவு என்று பெயர். எவ்வளவு பணிந்து போனாலும் ஒரு குறை கண்டுபிடித்துத் தள்ளிவிடுமாம். எல்லோரும் அங்கே உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு இறங்கும்போது, இவன் ஒற்றை விரலால் முன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டபடி, பாட்டுக்குத் தாளம் போடுகிறவனைப் போல இறங்குவான்.

அப்படிப்பட்டவனுக்கு முன் டயர் எப்போதும் சீக்கிரம் போய்விடும். இந்த வருஷம்தான் ஒன்று போகவே மாட்டேன் என்று நின்றது. உயரமான கட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்த டயர் அது. இளகின மண்ணில் நன்றாகக் கவ்வும், இறுகின தரையிலும் கல்லிலும் கிழியும் என்று அக்காவுக்குத் தெரியும். கல்லுக்குக் குட்டையான கட்டைகள் நெருக்கமாக நிற்க வேண்டும். ஆனாலும் மலையின் கல்லிலேயே அது மாதக்கணக்கில் உழைத்ததை அவள் கண்ணால் பார்த்தாள். பார்த்ததை நம்பினாள். வந்தவர்களுக்கெல்லாம் அதையே எடுத்துக் கொடுத்தாள். நீங்களாக இருந்தாலும் அதைத்தானே செய்திருப்பீர்கள்?

பீப்பாய் போன பிறகு அவள் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குப் போனாள். பந்தயத்துக்கு முன்னால் சக்கரக் கம்பிகளை முறுக்கிக் கொடு என்று தம்பி வண்டியை அங்கேதான் விட்டிருந்தான். முன் சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி, பீப்பாயின் டயரைப் பக்கத்தில் வைத்தாள். கட்டை விரல் நகத்தால் இரண்டையும் அழுத்தினாள். ஒரே ரப்பர்தான். பக்கச்சுவரில் அடித்திருந்த தேதியும் ஒன்றுதான். கெட்ட சரக்கு எதுவும் இல்லை.

பிறகு தம்பியின் டயரை வெளிச்சத்துக்கு உருட்டி வந்தாள். ஓரக் கட்டைகள் மழுங்கியிருந்தன. வளைவுகளில் சாய்ந்து திரும்பியிருக்கிறான். வண்டி சும்மா நிற்கவில்லை. ஆனால் நடுக்கட்டைகளில், பிரேக் பிடிக்கும்போது தரையை முதலில் கிழிக்கிற ஓரம் கத்தி மாதிரி அப்படியே இருந்தது. விரலை வைத்துப் பார்த்தாள். வெட்டியது.

பின் டயரைப் பார்த்தாள். அது பாவம், சில இடங்களில் வழுக்கையாகத் தேய்ந்து கிடந்தது. கால் பிரேக்கையே மிதித்து மிதித்துச் சக்கரம் உருளாமல் இழுபட்ட தேய்மானம் அது. கடைசியாகக் கைப்பிடிகளைப் பார்த்தாள். இடது பக்கத்துக் கிளட்ச் லீவர் விரல் பட்டுப் பட்டு மின்னியது. வலது பக்கத்து முன் பிரேக் லீவர்மேல் புழுதி படிந்திருந்தது, எடுத்து மூலையில் வைத்த பாத்திரத்தின்மேல் படிகிற மாதிரி.

பயந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். மழைக்காலத்தில் ஒரு தடவை குப்புற விழுந்தான். விழுந்தவனுக்கு முன் பிரேக்கைத் தொடவே பயம் வருவது உண்டு. கொஞ்ச நாளில் சரியாகும், பேசிப் பார்க்கலாம். ஆனால் மனசு அதோடு சமாதானம் ஆகவில்லை. அவன் விட்டுப்போன கையுறையை எடுத்துக்கொண்டு, அதைக் கொடுக்க வந்தவளைப் போல, தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் வந்ததில் அவளுக்குச் சந்தோஷம். நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டில்மேல் போட்டு உட்கார வைத்தாள்.

"எப்படிம்மா இருக்கான் அவன்?"

"உங்க தம்பிக்கென்ன அண்ணி, புது மாப்பிள்ளை ஆயிட்டாரு." சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு சட்டையை உதறினாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. காலையில சட்டையை மாட்டிக்கிட்டு வந்து முன்னால நிக்கிறாரு. பொத்தானை நான்தான் போட்டு விடணுமாம். அடுப்புல பால் பொங்குது, போங்கன்னு தள்ளினாலும் நகர மாட்டாரு. கல்யாணமான புதுசுல கூட இப்படி ஒரு நாள் நின்னதில்ல அண்ணி. வாயத் திறந்து ஆசையா ஒரு வார்த்தை பேசாத மனுஷன். வயசானா புத்தி வரும்னு சொல்வாங்க இல்ல, வந்திருச்சு."

அக்கா சிரிக்க முயன்றாள். "எப்பலேர்ந்து?"

"மழை விட்டப்புறம். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"ஆனா கவனம்தான் இல்ல. மூணு கண்ணாடி டம்ளர் போயாச்சு. திட்டினா, நீ அழகா இருக்கே, அதான் கை நழுவிடுச்சுங்கிறாரு." அவள் சட்டையை மடித்து, மேல் பொத்தானைத் தடவிச் சரி பார்த்து வைத்தாள்.

அக்காவுக்கு உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. கையுறையை மேசைமேல் வைத்தாள். கிளம்பி வந்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் தம்பி வண்டியை எடுத்துப்போக வந்தான். வலது கை காற்சட்டைப் பையில் இருந்தது. இத்தனை நாள் அதைக் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, சக்கரத்தைத் தனியா கழட்டி வச்சிருக்கே? டயரை வேற உருவிட்டே. அது நல்லாத்தானே இருந்துச்சு?"

"பந்தயத்துக்குப் புதுசா போடலாம்னு. கல்லுக்கு ஏத்தது. நீயே மாட்டு."

அந்தக் கடையில் ஒரு முறை உண்டு. முன் டயரை ஓட்டுகிறவன் தன் கையாலேயே மாட்ட வேண்டும். மலையில் பஞ்சரானால் உதவிக்கு ஆள் இருக்காது என்பது ஒன்று. விழுந்தால் அடுத்தவன்மேல் பழி போகக் கூடாது என்பது இன்னொன்று. பீப்பாய்கூட வயிறு மறைக்க, தரையில் கால் பரப்பி உட்கார்ந்து மாட்டிக்கொண்டுதான் போவான். போன தடவை இடுப்பு பிடித்துக்கொண்டது என்று இவன் சொன்னபோது, தம்பிதானே என்று அவளே மாட்டிக் கொடுத்திருந்தாள்.

"இடுப்பு இன்னும்..." என்று ஆரம்பித்தான்.

"இடுப்பு வேணாம், கை போதும். உக்காரு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்தான். அக்கா போய் முன் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு வந்தாள்.

டயரின் ஒரு பக்க விளிம்பு ரிம்முக்குள் தானாகப் போயிற்று. டியூபை நுழைத்தான், இடது கையே பெரும்பாலும் வேலை செய்தது. அடுத்த விளிம்பை முழங்காலால் அழுத்தி, நெம்புகம்பியைச் செருகி, முக்கால் வட்டத்துக்கு மேலேயே கொண்டுவந்துவிட்டான். மிச்சம் ஒரு சாண்தான். அந்த ஒரு சாணில்தான் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். ஒரு கம்பியை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றதை வலது கையால் நெம்ப வேண்டும். வலது கை கம்பியைச் சுற்றி மூடியது. நெம்பினான். விரல்கள் பூ உதிர்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. கம்பி தரையில் விழுந்து ஓடியது.

எடுத்துக்கொண்டு வந்தான். மறுபடி செருகினான். மறுபடி விழுந்தது. உள்ளங்கையால் தள்ளினான், முழங்கையை வைத்து அமுக்கினான், கடைசியில் காலால் மிதித்தான். விளிம்பு துள்ளி எழுந்து, போட்டிருந்ததும் வெளியே வந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைக்க அப்படியே உட்கார்ந்திருந்தான். கட்டை விரலுக்குக் கீழே சதை இருக்க வேண்டிய இடம் குழிந்திருப்பதை அக்கா அப்போதுதான் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்று கேட்டாள்.

"போனேன்."

"யாரோட?"

"தனியாத்தான். என்ன, திருவிழாவுக்கா போறேன், கூட்டிக்கிட்டுப் போக?" சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நரம்பு செத்துக்கிட்டு வருதாம்க்கா. கையோட நிக்காதாம். மாத்திரை குடுத்தாங்க. குணமாகறதுக்கு இல்ல, மெதுவாப் போறதுக்கு."

அக்கா அவனுக்கு எதிரே, தரையிலேயே உட்கார்ந்தாள். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, பதில் வராமல் போனார்கள்.

"அவகிட்ட சொன்னியா?"

"எப்படிக்கா சொல்றது? காலையில பொத்தான் போடும்போது அவ முகத்த நீ பாக்கணும். சொன்னா அதுவும் போயிரும்." வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "உனக்கு யார் சொன்னா?"

"உன் டயரு. தேயவே இல்லையேடா."

அவன் திரும்பிச் சுவரோரம் சாய்ந்திருந்த இரண்டு டயர்களையும் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "இது எனக்குத் தோணவே இல்லக்கா," என்றான்.

"நாளைக்கு நீ போகாத."

"கால் பிரேக் இருக்கு."

"மாமியார் சரிவுல கால் பிரேக்க மட்டும் வச்சுக்கிட்டு எறங்குவியா? பின் சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி திரும்பினா, கீழ உன்னை எதால அள்றது?"

"அடுத்த வருஷம் எனக்குப் பந்தயமே கிடையாதுக்கா. இந்த ஒரு தடவை. மெதுவா எறங்குறேன். நீ டயரை மட்டும் மாட்டிக் குடு. உன் கால்ல வேணாலும் விழறேன்."

சின்ன வயதில் எதைக் கேட்டாலும் இதே குரலில்தான் கேட்பான். அவளும் கொடுத்துவிடுவாள். கண்ணுகளா, அந்த நேரத்தில் அவள் பட்ட பாட்டை எப்படிச் சொல்ல? மாட்டிக் கொடுக்க அவள் கைக்கு ஐந்து நிமிஷம் போதும். மாட்டாமல் இருப்பதற்குத்தான் உடம்பில் இருந்த பலம் எல்லாம் வேண்டியிருந்தது.

"மாட்ட மாட்டேன்," என்றாள். "நீ திட்டு, பேசாம இரு, இனிமே வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லு. மாட்ட மாட்டேன்."

அவள் எழுந்து பீப்பாயின் கிழிந்த டயரை உருட்டி வந்து அவன் முன்னால் சாய்த்தாள்.

"இது யாரோடது தெரியுமா? பீப்பாயோடது. உன் பேச்சைக் கேட்டு வாங்கினது. ஒல்லியோடதும் இப்படித்தான். இன்னைக்கு எல்லாரும் வந்து இதுலயே புதுசு மாட்டிக்கிட்டுப் போகப் போறாங்க. நாளைக்கு அந்தக் கல்லுல, அழுத்திப் பிடிக்கிற நேரத்துல, கட்டை பிஞ்சு வரும்."

அவன் ஒரு தொங்கும் கட்டையை இடது கையால் தொட்டான். அது கையோடு வந்துவிட்டது.

"எல்லாரும் கேட்டாங்கக்கா, என்ன டயரு இப்படி நிக்குதுன்னு. இதான்டா டயருன்னுட்டேன். வேற என்ன சொல்றது? என் கை பிடிக்கலடா, அதான் தேயலன்னா?"

"சொல்லத்தான் வேணும். நான் சொன்னா கேக்க மாட்டாங்க. கடைக்காரி வேற எதையோ தள்ளிவிடப் பாக்குறான்னு நினைப்பாங்க. அவங்களுக்கு உன் வாக்குதான் வாக்கு."

அவன் பிய்ந்த ரப்பர்த் துண்டை உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து போய், ஷட்டரை இடது கையால் மேலே தள்ளினான். முழுக்க ஏறவில்லை. அக்கா கூடப் போய்த் தூக்கிவிட்டாள்.

வெயில் இறங்கியதும் ஒவ்வொருவராக வந்தார்கள். பீப்பாய், ஒல்லி, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தருகிற வாத்தியார், இன்னும் இரண்டு மூன்று பேர். வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. கடைக்குள் சிரிப்பும் சத்தமும் நிறைந்தன.

"புழுதி அண்ணன் வந்தாச்சு. நாளைக்கு எங்களுக்கு டிபன் புழுதிதான்," என்றான் பீப்பாய்.

"டேய், கொஞ்சம் உக்காருங்கடா," என்றான் தம்பி.

அவன் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்தார்கள்.

அவன் சுற்றி வளைக்கவில்லை. பையிலிருந்து கையை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டி, மூடிக் காட்டினான். பாதிதான் மூடியது. "மழைக்காலத்துலேர்ந்து நான் முன் பிரேக் பிடிக்கலடா. பிடிக்க முடியல. அதனாலதான் அந்த டயரு தேயல. டயரு நல்ல டயருன்னு உங்கள நம்ப வச்சேன். அது நம்ம மலைக்கு ஆகாது. நாளைக்கு யாரும் அதைப் போட்டுக்கிட்டு எறங்காதீங்க."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒல்லி தரையைப் பார்த்தான். பீப்பாய்தான் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான்.

"அப்போ... கை பிடிக்காமலேயா போன மாசம் என்னை முந்துனீங்க?"

"நீ முன்னால போனா வழியே தெரியலடா. அதான் முந்திட்டேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பீப்பாய் மட்டும் சிரிக்கிற மாதிரி ஆரம்பித்து, முகம் கோணி, திரும்பி நின்று சுவரில் இருந்த டயர்களை எண்ணுகிறவனைப் போல நின்றான். திரும்பாமலே கேட்டான்: "அப்போ எனக்கு எது போடறதுண்ணே?"

தம்பி எழுந்தான். தட்டுகளின் ஓரமாக நடந்தான்.

"நீ கனம். கடைசி நிமிஷத்துல அழுத்திப் பிடிக்கிறவன். உனக்குக் கட்டை குட்டையா, நெருக்கமா இருக்கணும். பக்கச்சுவர் கெட்டியா இருக்கணும். மேல் தட்டுல அந்த மூணாவது. அக்கா, அதை எடு." அவள் ஏணியில் ஏறி எடுத்தாள். "ஒல்லி, உனக்கு அவ்வளவு கெட்டி ஆகாது. உன் கனத்துக்கு அது வளைஞ்சே கொடுக்காது, கல்லுல வழுக்கும். கொஞ்சம் இளகின ரப்பரா எடுத்துக்க. சீக்கிரம் போகும், போனா போகட்டும். வாத்தியாரே, நீங்க வளைவுல பயப்படறீங்க. ஓரக் கட்டை பெருசா இருக்கிறது உங்களுக்கு. அதோ, அது."

ஒவ்வொருவன் ஓட்டுகிற விதமும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை காலம் முன்னால் போனவன், திரும்பிப் பார்க்காதவன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஆளுக்கு ஒரு டயரை எடுத்துக்கொண்டு வாசலில் தரையில் உட்கார்ந்தார்கள். நெம்புகம்பிகள் ரிம்மில் மோதுகிற சத்தம் ஒவ்வொன்றாக எழுந்தது. ஒல்லிக்குக் கடைசி விளிம்பு ஏறாமல் துள்ளியது. "அண்ணே, இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிச்சுக்கங்க," என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு, சொன்னதை உணர்ந்து அப்படியே நிறுத்திக்கொண்டான்.

தம்பி போய், செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த விளிம்பின்மேல் வெறுங்காலை வைத்து அழுத்தினான். "ம், இப்போ நெம்பு," என்றான்.

அக்கா ஏணியிலிருந்து இறங்கினாள். எல்லோருக்கும் டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் கொதித்து, வற்றி, மறுபடி ஊற்ற வேண்டியதாயிற்று. கொல்லைக்கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றவள், வாசலில் கம்பிகளின் சத்தம் ஓயும்வரை வெளியே வரவில்லை.